காசுப்பெட்டியும் ஆறு வீடுகளும்: கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் திருட்டு குறைந்த விதம்

இங்கிலாந்தின் வடமேற்கில், மான்செஸ்டர் பெருநகரப் பகுதியைச் சேர்ந்த ராச்டேல் நகரின் தென்புறத்தில் கிர்க்ஹோல்ட் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. உள்ளாட்சி நிர்வாகம் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் அவை. 1980களின் நடுவில் அவற்றின் எண்ணிக்கை 2,280. பருத்தி ஆலைகள் மூடப்பட்டு வேலையின்மை கூடியிருந்த அந்த வட்டாரத்தில் வறுமை ஒரு செய்தியே அல்ல. ஆனால் 1985இல் அங்கே காவல்துறையில் பதிவான வீட்டுத் திருட்டுகளை வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கு வீட்டுக்கு ஒரு திருட்டு என்ற கணக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த பிரிட்டிஷ் குற்றக் கணக்கெடுப்பு, திருட்டு அபாயம் மிகுந்தவை என்று தனியே பிரித்துக் காட்டிய பகுதிகளின் விகிதத்தைப் போல இது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இந்தக் குடியிருப்பில் 1986-87ஆம் ஆண்டில் பதிவான வீட்டுத் திருட்டுகள் 526. தடுப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்த 1987-88இல் அது 223 ஆனது, அடுத்த ஆண்டு 167, 1989-90இல் 132. மூன்றே ஆண்டுகளில் முக்கால் பங்கு குறைந்தது. இதற்காகக் குடியிருப்பைச் சுற்றி மதில் எழுப்பவில்லை. தெருவுக்குத் தெரு கேமரா மாட்டவில்லை. ரோந்துக் காவலர்களைக் கொண்டுவந்து குவிக்கவும் இல்லை. செய்தவற்றுள் மிக அதிகம் பேசப்பட்ட மாற்றம், வீட்டுக்குள் இருந்த ஒரு சிறு தகரப் பெட்டியை எடுத்தது. அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்த விதமும், அதை எடுக்க எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது என்பதுமே இந்த ஆய்வின் பொருள்.

அன்றைய கருத்துச் சூழல்

சூழலின் வடிவமைப்பைக் கொண்டே குற்றத்தைத் தடுக்கலாம் என்ற எண்ணம் அப்போது புதிதல்ல. அமெரிக்கக் குற்றவியலாளர் சி. ரே ஜெஃப்ரி 1971இல் அதற்கு ஒரு பெயர் சூட்டியிருந்தார். கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972இல், ஒரு குடியிருப்பின் படிக்கட்டும் நடைவழியும் முற்றமும் யாருடையவை என்று அங்கே வசிப்பவருக்கே தெளிவாகத் தெரியாவிட்டால் அவற்றை யாரும் காக்கமாட்டார்கள் என்று வாதிட்டார். பார்வைக்கு மறைவில்லாத வாசல், எளிதில் நுழைய முடியாத வழி, இது எங்கள் இடம் என்று சொல்லும் எல்லை, பழுதாகாமல் பேணிய தெருவிளக்கு என்று அந்தச் சிந்தனையின் பாடங்கள் பின்னர் வரிசைப்படுத்தப்பட்டன. 1985 வாக்கில் பிரிட்டனில் இந்தப் பேச்சு முழுவதும் அடுக்குமாடிகளின் வடிவக் கோளாறு பற்றியே இருந்தது: மேல்நிலை நடைபாலங்களை இடி, பொதுப் படிக்கட்டைப் பிரி, வேலி போடு.

இன்னொரு பக்கம், உள்துறை அமைச்சகத்தின் ஆய்வாளராக இருந்த ரொனால்ட் கிளார்க் போன்றோர் கட்டடத்தின் உருவத்தைவிட நுணுக்கமான ஒன்றைக் கேட்டார்கள். குறிப்பிட்ட ஒரு குற்றம், குறிப்பிட்ட ஓர் இடத்தில், எந்த வாய்ப்பைப் பயன்படுத்தி நடக்கிறது? அதே காலத்தில் அமெரிக்காவில் சட்டப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன், காவல்துறை ஒவ்வொரு புகாரையும் தனித்தனியே முடித்துவைப்பதோடு நின்றுவிடுகிறது, அந்தப் புகார்களுக்குப் பின்னால் திரும்பத் திரும்ப வரும் சிக்கலைத் தேடுவதில்லை என்று 1979இல் எழுதினார். 1984இல் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை, குற்றத் தடுப்பு காவல்துறையால் மட்டும் ஆகக்கூடியதல்ல, உள்ளாட்சியும் பிற துறைகளும் சேர்ந்தே செய்ய வேண்டியது என்றது. சுற்றறிக்கை எழுதுவது எளிது. கிர்க்ஹோல்ட் அதைச் செய்து பார்க்கக் கிடைத்த இடமாயிற்று.

திட்டத்தைத் தொடங்கியவர்கள் மான்செஸ்டர் பெருநகரக் காவல்துறையும், தண்டனை பெற்றவர்களைச் சமூகத்துக்குள்ளேயே வைத்து மேற்பார்க்கும் நன்னடத்தைத் துறையும். காவல்துறையிலிருந்து டேவிட் ஃபாரெஸ்டரும், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து கென் பீஸ், மைக் சாட்டர்டன் ஆகியோரும் முதற்கட்ட ஆய்வை நடத்தினார்கள். உள்ளாட்சியின் வீட்டுவசதித் துறை, பாதிக்கப்பட்டோருக்குத் துணைநிற்கும் தன்னார்வ அமைப்பு, மின்சாரம் மற்றும் எரிவாயு வழங்குவோர் எனப் பிறர் பின்னால் சேர்ந்தார்கள்.

முதலில் கேள்வி

இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முடிவு எண்களிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். ஆனால் என் கணிப்பில் இதன் உயிர் முன்னாலேயே இருக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன், அந்தப் பகுதியில் திருடிப் பிடிபட்டவர்களிடமும், திருட்டுக் கொடுத்தவர்களிடமும், திருட்டு நடந்த வீடுகளுக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடமும் நேரில் போய்ப் பேசினார்கள். ஒரே நிகழ்வை மூன்று கோணங்களிலிருந்து கேட்பதற்கு இது சமம். திருடனிடம் ஏன் இந்த வீட்டைத் தேர்ந்தாய் என்றும், வீட்டுக்காரரிடம் எந்த வழியாக வந்தான், எதை எடுத்தான் என்றும், பக்கத்து வீட்டாரிடம் அன்றைக்கு எதையாவது பார்த்தீர்களா என்றும் கேட்டார்கள்.

திருடர்களின் பதிலில் ஒன்று தெளிவாக இருந்தது. அவர்களை மிகவும் தயங்கவைத்தது பூட்டு அல்ல, வீட்டுக்குள் ஆள் இருக்கும் அறிகுறி. விளக்கு எரிவது, வானொலிச் சத்தம், வாசலில் வண்டி நிற்பது. இது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றாது; ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, மாலையில் விளக்கைப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிப் போகிறவர்கள்தானே நாம். ஆனால் அன்றைய குற்றத் தடுப்பு அறிவுரைகளின் பெரும்பகுதி பூட்டு, தாழ்ப்பாள், சங்கிலி ஆகியவற்றைப் பற்றியே இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர்களின் பதில் மேலும் கூர்மையானது. கிர்க்ஹோல்ட்டின் திருட்டுகளில் ஏறத்தாழ பாதியில், மின்சார அல்லது எரிவாயு மீட்டரிலிருந்த காசு களவு போயிருந்தது.

தகரப் பெட்டி

இந்த மீட்டரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இப்போது அது பிரிட்டனிலேயே அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. மாதக் கட்டணமோ மூன்று மாதக் கட்டணமோ கட்ட இயலாத வீடுகளிலும், பழைய பாக்கி வைத்திருந்தவர்களின் வீடுகளிலும், முன்பணம் போட்டால் மட்டுமே மின்சாரமும் எரிவாயுவும் வரும் மீட்டர் பொருத்தப்பட்டிருந்தது. 50 பென்ஸ் நாணயத்தைத் துளையில் வைத்துக் குமிழைத் திருகினால் அந்தக் காசுக்கு உரிய அளவு கிடைக்கும். தீர்ந்ததும் அறை இருண்டுபோகும், அல்லது அடுப்பு அணைந்துபோகும். போட்ட நாணயங்கள் மீட்டரின் அடியில் உள்ள பெட்டியில் விழும். பெட்டிக்கு ஒரு சிறு பூட்டு. நிறுவனத்தின் வசூல்காரர் குறிப்பிட்ட கால இடைவெளியில் வந்து பூட்டைத் திறந்து, காசைக் கொட்டி எண்ணி, கணக்குப் பார்த்து எடுத்துப் போவார்.

அந்த ஏற்பாட்டைத் திருடனின் கண்ணால் பார்த்தால், நகரின் மிக ஏழ்மையான வீடுகளில், மாடிப்படிக்கு அடியிலோ சமையலறை அலமாரியிலோ, எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான இடத்தில், ஒரு சிறு உண்டியல் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் இருப்பது ரொக்கம். தொலைக்காட்சிப் பெட்டியைப் போலத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், வாங்குவதற்கு ஆள் தேட வேண்டாம், அடையாளம் கண்டுபிடிக்கவும் முடியாது. உடைப்பதற்கு ஒரு திருப்புளி போதும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, காலி செய்த உண்டியல் தானாகவே மறுபடி நிரம்பும், ஏனெனில் அந்தக் குடும்பம் குளிரில் இருக்க முடியாது. திருட்டுப் போன காசை ஈடுசெய்யும் பொறுப்பும் பெரும்பாலும் குடியிருந்தவர்மேலேயே விழுந்தது. எரித்த மின்சாரத்துக்கு இரண்டு முறை காசு கொடுத்தார்கள் என்றே சொல்லலாம்.

காசு மீட்டர்கள் திருட்டை ஈர்க்கின்றன என்பதை உள்துறை அமைச்சகத்தின் குற்றத் தடுப்புப் பிரிவு 1986இலேயே தனி ஆய்வாக வெளியிட்டிருந்தது. ஆகவே கிர்க்ஹோல்ட் குழு அதைப் புதிதாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. அவர்கள் செய்தது, தங்கள் குடியிருப்பில் அது எவ்வளவு பெரிய பங்கு என்பதை எண்ணிப் பார்த்து, அந்த எண்ணை எடுத்துக்கொண்டு மின்சாரம் வழங்குவோரிடமும் எரிவாயு வழங்குவோரிடமும் போனது.

அந்த உரையாடல் நேரானது அல்ல. வழங்குவோருக்குக் காசு மீட்டர் என்பது கடன் வசூலிக்கும் கருவி. அதை எடுத்தால் வேறு மீட்டர் பொருத்தும் செலவும், பாக்கி சேரும் அபாயமும் அவர்களுடையவை. திருட்டு குறைவதன் பயனோ காவல்துறைக்கும் குடியிருந்தவர்களுக்கும். செலவு ஓர் இடத்திலும் பயன் வேறு இடத்திலும் விழுகிற இத்தகைய சிக்கல்களில்தான், சேர்ந்து தீர்ப்போம் என்ற சொல்லுக்கு உண்மையான சோதனை வருகிறது. குடியிருந்தவர்களிலும் சிலருக்கு அந்தப் பெட்டி வேண்டியிருந்தது. கையிலிருக்கும் நாணயத்துக்கு ஏற்ப எரித்துக்கொள்ளலாம், மாதக் கடைசியில் பெரிய தொகைக்குச் சீட்டு வராது என்பது வரவு குறைந்த குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி. எனவே வலுக்கட்டாயமாக எடுக்காமல், குடியிருப்பவர் சம்மதித்தால் காசுக்குப் பதில் டோக்கனில் இயங்கும் மீட்டராக மாற்றுவது என்று முடிவாயிற்று. டோக்கனைக் கடையில் வாங்கிப் போடலாம். முன்பண வசதி போகாது. பெட்டியில் ரொக்கமும் சேராது.

வடிவமைப்பு என்ற சொல்லுக்கு இங்கே வந்து சேரும் பொருளைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தின் வெளி வடிவத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் வீட்டின் சூழலில் திருடனுக்குப் பயன்பட்ட ஓர் அம்சம், யாரோ ஒரு நிறுவனத்தின் கணக்கு வசதிக்காக வைத்திருந்த அம்சம், நீக்கப்பட்டது. குற்றத்துக்கான வாய்ப்பைப் பெரும்பாலும் திருடன் உருவாக்குவதில்லை. அது ஏதோ ஓர் அலுவலகத்தில், குற்றத்தை நினைத்தே பாராத ஒருவரின் மேசையில் உருவாகிறது.

மறுபடியும் அதே வீடு

இரண்டாவது கண்டறிதல் இன்னும் நீண்ட ஆயுள் உள்ளது. ஒரு முறை திருடு போன வீட்டில் மறுமுறை திருடு போகும் வாய்ப்பு, திருடே போகாத வீட்டில் முதல் முறை திருடு போகும் வாய்ப்பைப் போல நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. குடியிருப்பு முழுவதும் ஒரே மாதிரி ஆபத்தில் இல்லை. குறிப்பிட்ட சில வீடுகள் திரும்பத் திரும்ப அடிபட்டுக்கொண்டிருந்தன.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. முதல் தடவை திருடனை ஈர்த்த காரணம், பின்கதவோ காசுப்பெட்டியோ பகலில் ஆளில்லாத வீடோ, அப்படியே இருப்பதால் வேறு எந்தத் திருடனும் அங்கேயே வருகிறான் என்பது ஒன்று. அதே திருடனோ அவன் சொல்லிக்கொடுத்த கூட்டாளியோ, வழியும் அறையும் தெரிந்த வீட்டுக்கு, மீண்டும் வாங்கி வைத்த பொருளுக்காகத் திரும்பி வருகிறான் என்பது மற்றொன்று. கனடாவின் சஸ்கட்டூன் நகரத் தரவுகளைக் கொண்டு சில ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆய்வு, மறுதிருட்டின் அபாயம் முதல் மாதத்தில்தான் மிக அதிகம் என்று காட்டியது. இது இரண்டாவது விளக்கத்துக்கு வலு சேர்த்தது. நடைமுறையில் இரண்டு விளக்கங்களும் ஒரே செயலைத்தான் கேட்கின்றன: திருடு போன வீட்டை உடனடியாகக் காப்பாற்று.

இதில் நிர்வாக அளவில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 2,280 வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் பூட்டு மாற்ற எந்த உள்ளாட்சியிடமும் பணம் கிடையாது. மாற்றினாலும் அதில் பெரும்பகுதி ஆபத்தே இல்லாத வீட்டுக்குப் போகும். ஆனால் ஒவ்வொரு வாரமும் திருடு போன வீடுகளின் பட்டியல் கையில் வருகிறது, அந்தப் பட்டியலே அடுத்த திருட்டு எங்கே நடக்கக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பு. வேலையும் சீராகப் பரவும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வீடுகள். நியாயம் சார்ந்த இன்னொரு வசதியும் உண்டு. யாருக்கு முதலில் உதவுவது என்ற சண்டை எழாது, ஏனெனில் அடிபட்டவருக்கு முதலில் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். குடியிருப்பு முழுவதையும் ஆபத்தான இடம் என்று முத்திரை குத்தவும் தேவையில்லை.

ஒரு வீட்டில் நடந்தது

வேலை இப்படி நடந்தது. திருட்டு பதிவானதும், காவலர் வந்து போன பிறகு, திட்டப் பணியாளர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போவார். வேலையில்லாதவர்களுக்கென்று அரசு நடத்திய வேலைத் திட்டத்தின் மூலம் அமர்த்தப்பட்டவர்கள் இந்தப் பணியாளர்கள். முதலில் துணைநிற்றல்: திருட்டுக் கொடுத்தவரின் பதற்றத்தைக் கேட்பது, யாரிடம் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்வது. அடுத்து, எந்த வழியாக ஆள் வந்தான் என்பதைப் பார்த்து அந்த வழியைச் சரிசெய்ய வீட்டுவசதித் துறைக்குத் தெரிவிப்பது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் பாதுகாப்புப் பொருளை எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி மாட்டாமல், திருடர்கள் உண்மையில் புகுந்த வழிகளை வைத்தே எந்தக் கதவை, எந்தச் சன்னலை வலுப்படுத்துவது என்று தீர்மானித்தார்கள். மதிப்புள்ள பொருள்களில் அஞ்சல் குறியீட்டைப் பொறித்துத் தந்தார்கள். காசு மீட்டர் இருந்தால் அதை மாற்றச் சம்மதமா என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு பக்கத்து வீடுகள். அந்த வீட்டைச் சூழ்ந்துள்ள ஆறு வீடுகள் அளவில், அங்கே இருப்பவர்களிடம் பணியாளர் போய், இந்த வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வீர்களா, சந்தேகமாக ஏதாவது கண்டால் தெரிவிப்பீர்களா என்று கேட்டார். ஒப்புக்கொண்டவர்களுக்கும் பாதுகாப்பு உதவி கிடைத்தது. பட்டுப்புழுவைச் சுற்றிய கூட்டைப் போல, திருடு போன வீட்டைச் சுற்றி ஒரு சிறு வளையம். அதனால் இதைக் கூட்டுக் காவல் என்று அழைத்தார்கள்; தமிழில் 'கூடு', 'கூட்டு' இரண்டும் ஒன்றில் வந்து விழுவது தற்செயலாக வாய்த்த பொருத்தம்.

வழக்கமான அக்கம்பக்கக் காவல் திட்டங்களோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அவை ஒரு பெரிய பகுதியில் பலகை மாட்டி, கூட்டம் கூட்டி, எல்லோரும் எல்லாவற்றையும் கவனியுங்கள் என்று கேட்கின்றன. வசதியுள்ள, ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்த தெருக்களில் அவை எளிதாக வேரூன்றுகின்றன. கிர்க்ஹோல்ட் போன்ற இடங்களில் முதல் கூட்டத்தோடு உலர்ந்துபோகின்றன. இங்கே ஒவ்வொருவரிடமும் கேட்டது மிகச் சிறியது, தெளிவானது, பக்கத்து வீட்டில் போன வாரம் நடந்த ஒன்றோடு தொடர்புள்ளது. இந்த வீடு, இந்தப் பின்கதவு, இந்த அம்மா வேலைக்குப் போகும் நேரம் என்று. இயல்பான கண்காணிப்பு என்று வடிவமைப்பாளர்கள் சன்னலின் திசையிலும் வேலியின் உயரத்திலும் தேடும் ஒன்றை, இவர்கள் ஆறு மனிதர்களிடம் சொல்லி ஏற்படுத்தினார்கள். சன்னல் தெருவைப் பார்த்திருந்தால் மட்டும் போதாது. அதற்குள் இருப்பவருக்கு வெளியே பார்க்க ஒரு காரணமும், பார்த்தபின் யாரிடம் சொல்வது என்ற தெளிவும் வேண்டும்.

முதல் ஐந்து மாதங்களில் திருட்டு, திட்டத்துக்கு முந்தைய அளவில் 40 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதே காலத்தில் மறுதிருட்டு பூஜ்யத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு எந்த மாதத்திலும் இரண்டைத் தாண்டவில்லை.

இரண்டாம் கட்டம்

வாய்ப்பை அடைத்தால் போதுமா, திருடுகிறவனின் நிலையைத் தொட வேண்டாமா என்ற கேள்வி இத்தகைய திட்டங்களை விடாமல் துரத்தும். கிர்க்ஹோல்ட்டில் அதைக் கேட்கும் இடத்தில் நன்னடத்தைத் துறை உட்கார்ந்திருந்தது. அந்தப் பகுதியில் திருடித் தண்டனை பெற்றவர்கள் அவர்களிடமே வந்தார்கள். பெரும்பாலோர் தொலைவிலிருந்து வருகிறவர்கள் அல்லர். கடனும் போதைப் பழக்கமும் வேலையின்மையும் அவர்கள் சொன்ன காரணங்களில் அடிக்கடி வந்தன. இரண்டாம் கட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கான குழுப் பயிற்சியும், பள்ளிகளில் குற்றத் தடுப்புப் பணியும் தொடங்கின. குடியிருப்பவர்கள் வட்டிக்காரரிடம் போகாமல் சிறு கடன் பெற ஒரு கடன் கூட்டுறவுச் சங்கமும் உருவாயிற்று. 1844இல் ராச்டேலின் டோட் லேனில் நெசவாளர்களும் கைவினைஞர்களுமாகச் சேர்ந்து திறந்த மளிகைக் கடையிலிருந்துதான் நவீனக் கூட்டுறவு இயக்கம் தன் பிறப்பைக் கணக்கிடுகிறது. அதே ஊரில், திருட்டைக் குறைக்கும் வழியாகக் கூட்டுறவு மறுபடி நுழைந்தது யாரும் திட்டமிட்ட அழகு அல்ல என்றாலும் குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் கட்டப் பணிகளின் தனிப்பட்ட விளைவை எண்ணில் பிரித்துக் காட்டுவது கடினம். திருட்டு ஏற்கெனவே பாதிக்கும் கீழே போய்விட்ட பிறகு வந்தவை அவை. ஆனாலும் அவற்றின் இருப்பே கூட்டணிக்குள் ஒரு சமநிலையைத் தந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பூட்டை மட்டும் பேசும் மேசையில் நன்னடத்தை அலுவலர் நெடுநாள் உட்கார்ந்திருக்கமாட்டார்.

ஐயங்கள்

இந்தக் கதையை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு குடியிருப்பில் நடந்த பணி இது. முறையாகப் பொருத்தித் தேர்ந்தெடுத்த ஒப்பீட்டுப் பகுதி இல்லை. மிக உச்சத்தில் இருக்கும் எந்த எண்ணும் தானாகவே சற்று இறங்கும் இயல்புடையது, எனவே 1985, 1986இன் உயரத்திலிருந்து வந்த வீழ்ச்சியில் ஒரு பங்கு அந்த இயல்பின் கணக்கில் சேரக்கூடும். பல மாற்றங்கள் ஒரே நேரத்தில் செய்யப்பட்டதால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க வழியில்லை. மறுபுறம், ஓராண்டு மட்டும் இறங்கிப் பின் ஏறியிருந்தால் தற்செயல் என்று ஒதுக்கலாம். மூன்றாண்டு தொடர்ந்து இறங்கியதையும், மறுதிருட்டு ஏறக்குறைய நின்றேபோனதையும் அப்படி ஒதுக்குவது எளிதல்ல. திட்டம் குறிவைத்த இடத்திலேயே வீழ்ச்சி மிகக் கூர்மையாக இருக்கிறது என்பது எந்த ஒப்பீட்டுப் பகுதியும் தராத சான்று.

காசு மீட்டரைச் சுற்றி இன்னொரு முணுமுணுப்பும் அக்காலத்தில் இருந்தது. பணமுடையில் வீட்டுக்காரரே பெட்டியை உடைத்துவிட்டுத் திருடு போனதாகப் புகார் தருகிறார் என்பது அது. அப்படிச் சில இருந்திருந்தால், மீட்டர் மாறியதும் அந்தப் புகார்களும் மறைந்திருக்கும். பதிவான வீழ்ச்சியில் ஒரு துண்டு உண்மையான வீழ்ச்சி அல்ல என்றாகும். ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்றும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் தன் வீட்டு உண்டியலைத் தானே உடைக்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளிய ஏற்பாடும் அதே தகரப் பெட்டிதான்.

இங்கே தடுத்தால் திருடன் அடுத்த தெருவுக்குப் போவான் என்பது எல்லோரும் முதலில் எழுப்பும் எதிர்ப்பு. சுற்றுப்பகுதிகளில் அதற்கு ஈடாகத் திருட்டு உயர்ந்ததற்கான தடயம் ஆய்வில் தென்படவில்லை. அதற்குக் காரணம் தேடிப் போனால் மறுபடி அந்த மீட்டருக்கே வருவோம். பக்கத்திலேயே, தெரிந்த வீட்டில், சுலபமான ரொக்கத்துக்காகத் திருடியவன், அந்தச் சுலபம் போனபின் பேருந்தேறித் தொலைவுக்குப் போய்த் தெரியாத வீட்டில் கடினமான திருட்டில் இறங்குவான் என்று கொள்வதற்கு அவனைத் தொழில்முறைத் திருடனாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது.

நகல்கள்

வெற்றி பெற்ற எதற்கும் நகல்கள் வரும். 1988இல் தொடங்கிய, அரசின் பாதுகாப்பான நகரங்கள் திட்டத்தின் கீழ்க் கிர்க்ஹோல்ட்டைப் பின்பற்றும் முயற்சிகள் நடந்தன. அவற்றுள் மூன்றைக் குற்றத் தடுப்பு ஆய்வாளர் நிக் டில்லி ஆராய்ந்து 1993இல் எழுதிய அறிக்கை, என் மதிப்பில், மூல அறிக்கைகளுக்கு இணையாகப் படிக்க வேண்டியது. மூன்று இடங்களும் கிர்க்ஹோல்ட்டைத்தான் நகலெடுத்தன. ஆனால் ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட கிர்க்ஹோல்ட் வேறு. பூட்டு மாற்றுவதே சாரம் என்று கொண்டவர்களும் இருந்தார்கள், பக்கத்து வீட்டு வளையம்தான் சாரம் என்று கொண்டவர்களும் இருந்தார்கள். விளைவுகளும் ஒன்றுபோல் வரவில்லை. எந்தக் கருவியை மாட்டினார்கள் என்பதைவிட, அந்தச் சூழலில் அது யாருடைய முடிவை எப்படி மாற்றியது என்று கேட்டால்தான் நகலெடுத்தல் என்ற சொல்லுக்கே பொருள் உண்டு என்பது டில்லியின் வாதம்.

இதற்கு மாறாக, வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் 1990களின் நடுவில் நடந்த திட்டம் கிர்க்ஹோல்ட்டின் கருவிகளை விட்டுவிட்டு அதன் எண்ணத்தை எடுத்துக்கொண்டது. திருட்டுக் கொடுத்தவரை வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளில் வைத்தார்கள். முதல் தடவைக்கு ஒரு வகை உதவி. மறுதடவை நேர்ந்தால் கூடுதல். அதற்கும் மேல் போனால் காவல்துறையின் தீவிரமான கண்காணிப்பும் தற்காலிக எச்சரிக்கைக் கருவிகளும். முழு நகரப் பகுதியிலும், ஏற்கெனவே பணியிலிருந்த காவலர்களைக் கொண்டே நடந்த இந்தத் திட்டத்தில் வீட்டுத் திருட்டு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. கிர்க்ஹோல்ட்டின் 75 விழுக்காட்டுக்கு முன் இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இங்கே உடைப்பதற்குத் தயாராகப் பல வீடுகளில் ஒரே மாதிரிக் காத்திருந்த காசுப்பெட்டி போன்ற பொருள் எதுவும் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சியும் காவல்துறையும் சேர்ந்து குற்றத் தடுப்புத் திட்டம் வகுப்பது 1998இன் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டத்தால் கட்டாயக் கடமையானது. அன்று அதன்படி ஒவ்வொரு பகுதியும் தன் குற்ற நிலையைத் தணிக்கை செய்து, அதிலிருந்து உத்தியை வகுக்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு இது கிர்க்ஹோல்ட்டின் வரிசையேதான்: முதலில் எண்ணு, பிறகு கூடிப் பேசு, பிறகு மாற்று. காகிதத்தில் தணிக்கை என்பது பட்டியலாகவும் வரைபடமாகவும் முடிந்துவிடுவதுண்டு. திருடனிடமும் திருட்டுக் கொடுத்தவரிடமும் போய் எந்த வழி, எந்தப் பொருள், எத்தனையாவது முறை என்று கேட்பதற்கு அது ஈடாகாது.

நாணயம் போடும் மீட்டர்களோ 1990களில் பிரிட்டன் முழுவதும் பெரும்பாலும் மறைந்துபோயின. முன்பணம் கட்டுவோர் முதலில் டோக்கனையும் பின்னர் சாவியையும் அட்டையையும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கிர்க்ஹோல்ட்டைப் பின்பற்ற விரும்பி இன்று அந்தக் குடியிருப்புக்குப் போகிறவர், அங்கே எடுப்பதற்கு அப்படியொரு பெட்டியைக் காணமாட்டார்.